பதினாறு ராஜாக்களும் எட்டு மோதிரங்களும்

நாற்பது பேர் வந்திருந்தார்கள். பதினாறு ராஜா, இருபத்து நாலு ராணி. குடிமகன் என்று மருந்துக்குக்கூட ஒருத்தர் இல்லை.

"வரி கட்ட ஆளில்லாம இத்தனை ராஜ்ஜியம் எப்படி அண்ணி நடக்கும்?" என்றாள் தையல்காரி, வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டே.

"நடக்காது. அதான் ஆறு மணியிலேருந்து எட்டரை வரைக்கும் மட்டும்," என்றாள் துப்பறியும் அம்மாள்.

அந்த அருங்காட்சியகம் தினமும் ஐந்து மணிக்கு மூடிவிடும். அன்றைக்கு மட்டும், நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்களுக்காக ஆறு மணிக்கு மறுபடி திறந்திருந்தார்கள். 'அரசவை மாலை' என்று பேர். செத்துப்போன ராஜாக்களின் வாளுக்கும் வட்டிலுக்கும் நடுவே, வாடகைக் கிரீடம் வைத்துக்கொண்டு நின்று கோழிக்கால் கடிக்கிற வைபவம். உடை அத்தனையும் தையல்காரியின் கடையிலிருந்து வந்தது. சரிகை என்று சொல்லி ஜிகினாவைத் தைத்துக் கொடுத்திருந்தாள். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அம்மாள் அவளுடைய அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் நாத்தனார் கடையின் பின்னறையில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டாள். முன்னறையில் தையல், பின்னறையில் துப்பு. "ரெண்டும் ஒரே வேலைதான். எங்க பிரிஞ்சிருக்குன்னு பார்க்கணும்" என்பாள் தையல்காரி. அன்றைக்கு அம்மாள் வந்தது துப்பறிய இல்லை. துணிப்பெட்டி தூக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் வந்தாள்.

ஏழு இருபதுக்கு உள்ளே யாரோ கத்தினார்கள்.

"கிரீடம் கழண்டு சூப்புல விழுந்திருக்கும்," என்றாள் தையல்காரி.

"இல்ல. அதுக்குச் சிரிச்சிருப்பாங்க. வா."

கடைசிக் கூடத்தில் கூட்டம் நின்றது. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, கதவு திறந்திருந்தது. உள்ளே வெல்வெட் மெத்தையில் ஒரு சின்ன வட்டப் பள்ளம் மட்டும் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கீறல் படாமல் இருந்ததாம். அதைக் காணவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் காவல்காரி நின்றாள். காக்கிச் சேலை, கையில் இன்னும் பழரசத் தட்டு. தட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றாள்.

அவளுக்கு எதிரே அருங்காட்சியகத்தின் டைரக்டர், அவரும் ராஜா உடையில், மார்பில் மூன்று வரிசை முத்து ஆட, கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "பெட்டியை உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்கு. சாவி மூணு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பொருளையெல்லாம் பார்த்துக்கற நம்ம காப்பாட்சியர்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. நான் டைரக்டர். அவரு முப்பது வருஷமா இங்க ஆராய்ச்சி பண்றவரு. மிச்சம் யாரு?"

"கழித்தல் உங்களுக்கு நல்லா வருது," என்றாள் அம்மாள்.

டைரக்டர் திரும்பினார். "நீங்க யாரு?"

"பெட்டி தூக்க வந்தவ."

"துணிப்பெட்டி மட்டும் இல்ல சார், மனுஷங்களையும் அப்பப்போ திறந்து பார்ப்பாங்க," என்றாள் தையல்காரி. "எங்க அண்ணி. துப்பறியறவங்க."

டைரக்டருக்கு அது காதில் ஏறவில்லை. பெட்டியின் மேல்பலகையைக் காட்டினார். அங்கே எட்டு மோதிரங்கள், கல் மேலே பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில் நின்றன. "இதோ பாருங்க கூலி! ராஜா வேஷத்துல வந்த எவனோ இவளைக் கைக்குள்ள போட்டிருக்கான். தங்கம்னு நெனச்சு வாங்கியிருக்கா, மடச்சி."

"தகரம் சார்," என்றாள் தையல்காரி. "என்னோட செட்டு. ராஜாவுக்கு எட்டு, ராணிக்கு அஞ்சு. நீங்க போட்டிருக்கறதும் தகரந்தான்."

டைரக்டர் தன் எட்டு விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த ஒரு கணத்தில் அவர் முகம் வாடியதை அம்மாள் விடவில்லை. வாடகை மோதிரம் என்று தெரிந்தே போட்டுக்கொண்டிருந்தும் தங்கமாக இருக்கலாமோ என்று நம்பிவிட்ட மனுஷன்! இவனா காவல்காரியை மடச்சி என்கிறான்!

"நீங்க எங்க இருந்தீங்க?" என்று காவல்காரியைக் கேட்டாள்.

"ஏழு மணி வரைக்கும் இங்கதாம்மா நின்னேன். டைரக்டர் ஐயா வந்து, பரிமாற ஆள் பத்தல, தட்டு தூக்குன்னாரு. போனேன். திரும்பி வந்தா இப்படி."

"காவலை விட்டுட்டு ஜூஸ் குடுக்கச் சொன்னது இவரா?"

"பெரிய மனுஷங்க தாகத்தோட நிக்கறாங்க, அம்மா! அதை எப்படி..." என்றார் டைரக்டர்.

"சரிதான். தாகத்துல ஒரு ராஜா செத்துட்டா?" என்றாள் தையல்காரி.

டைரக்டர் ஒரு தாளை நீட்டினார்: 'ஏழு மணிக்கு டைரக்டர் சொன்னபடி பரிமாறப் போன நான், நடுவில் வந்து கிண்ணத்தை எடுத்தேன்.' அதற்குள் எழுதியும் விட்டார். அந்த வேகம் அவருக்கு வேறு எந்த வேலையிலும் வந்திருக்காது. "எட்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடு. நாந்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா வேலை மட்டும் போகும். இல்லேன்னா போலீஸ்."

காவல்காரி தட்டைத் தரையில் வைத்தாள். "நான் எடுக்கல சார். எம் பொண்ணு நர்ஸ் வேலைக்குத் தேர்வாயிருக்கா. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. கையெழுத்துப் போட்டா அம்மா திருடி. போடலேன்னா வீட்டுல போலீஸ் கேஸ். ரெண்டுல எதுன்னாலும் அவளுக்கு வேலை இல்ல சார்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு ராணி பக்கத்து ராணியிடம், "இவங்களுக்கெல்லாம் அழுகை எவ்வளவு சீக்கிரம் வருது பாரேன்," என்றாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு காப்பாட்சியர் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். ராஜா உடை அவர்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. கைகளில் வெள்ளைப் பருத்திக் கையுறை. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு கையால் பிடித்து, மறு கையை அடியில் கொடுத்து, ஏந்திக்கொண்டு வந்தார்.

"குடிம்மா. பதறாதே. பொருள் எங்கயும் போயிருக்காது. கிடைச்சிடும்."

"இந்தக் கூட்டத்துல மனுஷன்னு ஒருத்தராவது இருக்காரே," என்றாள் தையல்காரி, அண்ணியின் காதில்.

அம்மாள் டைரக்டரிடம், "எட்டு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க. அதுவரைக்கும் இவங்களுக்கு ஒரு நாற்காலியாவது குடுங்க," என்று சொல்லிவிட்டு நாத்தனாரை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்க அண்ணி?"

"ஒரு ராஜா மோதிரத்தைக் கழட்டியிருக்கான். எட்டு விரலும் காலியா இருக்கற ராஜா எனக்கு வேணும்."

பெரிய கூடத்தில் விருந்து கொஞ்சமும் நிற்கவில்லை. திருட்டுப் போனதால் பேச விஷயம் கிடைத்து, பசி கூடியிருந்தது. தையல்காரி ஒவ்வொரு ராஜாவாக நெருங்கி, தோள்பட்டையைச் சரி செய்கிற சாக்கில் விரலை எண்ணினாள். ஒருவர் எட்டு, அடுத்தவர் எட்டு. இன்னொருவருக்கு ஏழு, எட்டாவது அவர் தயிர்க் கிண்ணத்துக்குள் கிடந்தது.

டயர் கம்பெனி முதலாளியிடம் வந்து நின்றாள். மற்ற எல்லாரையும்விடப் பெரிய நன்கொடைக்காரர். அவருக்காக உடையில் இரண்டு முழத் துணி சேர்க்க வேண்டியிருந்தது.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "பத்து விரலும் மொட்டை."

அம்மாள் நேரே போனாள். "உங்க மோதிரம் எங்க?"

முதலாளி கோழிக்காலை வாயிலிருந்து எடுத்தார். "ஏன்? கடைக்காரம்மா இப்பவே திருப்பிக் கேக்குதா?"

"கிண்ணம் இருந்த பெட்டி மேல எட்டு மோதிரம் இருக்கு."

"இருந்தா? என்னோடது அந்தா இருக்கு." மனைவியைக் காட்டினார். அந்த ராணியம்மாள் விரல் மடக்க முடியாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தாள். தையல்காரி எண்ணினாள். பதின்மூன்று. ஐந்தும் எட்டும்.

"சாப்பிட வசதியா இல்லேன்னு ஆறேகாலுக்கே கழட்டிக் குடுத்துட்டாரு," என்றாள் அந்த ராணி சலிப்பாக. "எங்கூட வந்ததிலேருந்து அந்தத் தட்டைவிட்டு அவரு நகரவே இல்ல. நகர்ந்தாத்தான் அதிசயம்."

அம்மாள் அவர் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய் மின்னியது. இந்தக் கை அந்தக் கண்ணாடிக் கதவைத் தொட்டிருந்தால் கதவில் கோழிக்குழம்பு கோலம் போட்டிருக்கும். கதவோ பளிச்சென்று இருந்தது.

"திருடு போனதுல நஷ்டம் எனக்குத்தான் தெரியுமா?" என்றார் முதலாளி. "எட்டு மணிக்கு அந்தக் கிண்ணத்துல நான் குடிக்கறதா இருந்தது. டைரக்டர் வாக்குக் குடுத்திருந்தாரு. ராஜா குடிச்ச கிண்ணத்துல நானும்! போட்டோ எடுக்க ஆளெல்லாம் வந்திருக்கு. அதுக்குத்தானே நன்கொடையே!"

"என்ன குடிக்கறதா இருந்தீங்க?"

"திராட்சை ஜூஸ். ஐஸ் போட்டு."

அம்மாள் திரும்பி நடந்தாள். நாத்தனார் பின்னால் ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, பேச்சே இல்ல?"

"சில பேரைத் திட்டினா நமக்குத்தான் வாய் வலிக்கும். மணி என்ன?"

"பத்து நிமிஷம் இருக்கு எட்டுக்கு. ராஜா பதினஞ்சு பேரைப் பாத்தாச்சு, டைரக்டரையும் சேர்த்து. எல்லா மோதிரமும் சரியா இருக்கு. வானத்துலேருந்தா விழுந்தது அந்த எட்டு?"

"ராஜா உடையில பாக்கெட் வெச்சியா?"

"எதுக்கு? ராஜா எதையாவது தூக்குவானா?"

"சரி. திருட வந்தவன் மோதிரத்தை ஏன் கழட்டறான்?"

தையல்காரி யோசித்தாள். "கண்ணாடில உரசிக் கீறல் விழும்னு."

"கிண்ணத்தை வித்துத் தின்ன வந்தவனா வரிசையா வெச்சு மெதுவா எட்டைக் கழட்டுவான்? அப்புறம், எடுத்துக்கிட்டு போகும்போது ஏன் மறந்தான்?"

"பயத்துல."

"மறக்கல. ரெண்டு கையும் கிண்ணத்துல இருந்தது. பாக்கெட்டும் இல்ல. ஒரு கையை விடறதுக்கு அவனுக்கு மனசு வரல."

காவல்காரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி வந்திருந்தது; அதில் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். தாளும் பேனாவும் பெட்டிமேல் தயாராக இருந்தன.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் அம்மாள் காவல்காரியிடம். "இங்க இருக்கற பொருளை எப்படித் தொடணும்?"

"நாங்க தொடவே கூடாதும்மா. தூசி தட்ட மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை. வாட்சு, வளையல், மோதிரம் எல்லாம் மொதல்ல கழட்டணும். ஒரு கையால பிடிச்சு, மறு கையை அடியில குடுக்கணும். வேற எதையும் கூடத் தூக்கக் கூடாது. மொதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு?"

"காப்பாட்சியர் ஐயாதான்."

காப்பாட்சியர் சுவரோரமாக நின்றிருந்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கொஞ்சம் கையுறையைக் கழட்டுங்க."

"எதுக்கு? பொருட்களுக்கு நடுவுல இருக்கும்போது இது எங்க வழக்கம்..."

"வழக்கமாவே இருக்கட்டும். ஆறு மணிக்கு என் நாத்தனார் உங்க விரல்ல எட்டு மோதிரம் போட்டுவிட்டா."

"நாந்தான் போட்டேன்," என்றாள் தையல்காரி. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ஊசி போட நீட்டற மாதிரி கையை நீட்டினாரு. ஒவ்வொரு கல்லும் நெல்லிக்காய் கனம்."

"எட்டு நெல்லிக்காய்க்கு மேல இந்தக் கையுறை எப்படிங்க ஐயா ஏறிச்சு? ஒரு இடத்துலகூடப் புடைப்பே இல்லையே?"

காப்பாட்சியர் கையுறையைக் கழற்றினார். நீளமான, சுத்தமான, வெறும் விரல்கள்.

"அபாண்டம்!" என்று எழுந்தார் டைரக்டர். "இவரா? இவரு எழுதின புஸ்தகம் எத்தனை தெரியுமா?"

"தெரியாது. ஆனா இவரு எங்க வெச்சிருப்பாருன்னு தெரியும். பூந்தொட்டிக்குள்ள ஒளிச்சு வைக்க இவரால முடியாது. பஞ்சு வேணும், பெட்டி வேணும். அந்தக் கதவுக்குப் பின்னால என்ன?"

"ஸ்டோர்," என்றாள் காவல்காரி. "அதுக்கு எங்கிட்ட சாவி கிடையாது."

ஸ்டோரைத் திறக்கக் காப்பாட்சியரே சாவி கொடுத்தார். கழுத்துக் கயிற்றில், பொய் முத்துக்களுக்கு அடியில் கிடந்தது அது. உள்ளே இரும்பு அலமாரிகள். மூன்றாவது தட்டில் புதிதாக ஒரு அட்டைப் பெட்டி. அம்மாள் தன் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் தூக்கினாள். பஞ்சு மெத்தை, மேலே மெல்லிய தாள், தாளுக்குள் நீலம். பெட்டியின் ஓரத்தில் நூல் கட்டிய ஒரு சீட்டு. பொருள் எண், எடுத்த இடம், வைத்த இடம், தேதி, நேரம் ஏழு பத்து. கீழே கையெழுத்து, அழகான கையெழுத்து.

தையல்காரி சீட்டைப் படித்தாள். "அண்ணி, நானும் எவ்வளவோ திருடனைப் பாத்திருக்கேன். ரசீது போட்டுத் திருடினவனை இப்பத்தான் பாக்கறேன்."

"சீட்டு இல்லாம ஒரு பொருளை நகர்த்தினதே இல்ல," என்றார் காப்பாட்சியர். வெட்கப்பட்டது போல் இருந்தது. திருடியதற்கு அல்ல, சீட்டைப் பற்றிக் கேலி செய்ததற்கு. பிறகு குரல் உயர்ந்தது. "நான் திருடல! காப்பாத்தினேன். இந்த முட்டாள் அதுல ஐஸ் போட்டு ஜூஸ் ஊத்தப் போறான். ஆயிரம் வருஷக் கண்ணாடி! குளிர்ந்தா விரிசல் விட்டுடும். மூணு தடவை எழுதிக் குடுத்தேன். படிக்கக்கூட இல்ல. வேற வழி எனக்கு என்ன இருந்தது?"

அம்மாளுக்கு அந்த வார்த்தை நியாயமாகத்தான் பட்டது. டயர் முதலாளியின் எண்ணெய்க் கை கண்ணில் வந்து போனது. இதோடு அவர் நிறுத்தியிருந்தால் அவருக்கு அவள் கை கொடுத்திருப்பாள்.

"நல்லது. கிண்ணத்தைக் காப்பாத்தினீங்க. அப்புறம்?"

"அப்புறம்... நாலு நாள் கழிச்சு ஸ்டோர் சரிபார்க்கும்போது கிடைச்ச மாதிரி..."

"நாலு நாள். இவங்க எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடணும்."

காப்பாட்சியர் கழற்றிய கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சொல்லலாம்னு ஒரு தடவையாவது மனசு வந்துதா?"

"சொன்னா மறுபடி கிண்ணத்தை வெளிய எடுப்பாங்க. அது ஒண்ணுதாங்க இருக்கு உலகத்துல. இவங்களுக்கு... வேற வேலை கிடைச்சிருக்கும். நானே எங்கயாவது சொல்லி வாங்கிக் குடுத்திருப்பேன்."

தையல்காரிக்கு வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அண்ணி முந்திக்கொண்டாள். சத்தமாகப் பேசவில்லை.

"அந்த டயர்க்காரருக்குப் படிப்பு கிடையாது. டைரக்டருக்கு மூளை கிடையாது. அவங்க மேல எனக்குக் கோபம்கூட வரல. உங்களுக்கு எல்லாம் இருக்கு. கண்ணாடி உடையும்னு தெரிஞ்சு அடியில பஞ்சு வெச்சீங்க, மேல தாள் போட்டீங்க. இவங்க உடையறதைப் பார்த்துக்கிட்டே தண்ணி கொண்டு வந்து குடுத்தீங்க. அதையும் ரெண்டு கையால ஏந்தி. டம்ளருக்குக் குடுத்த கையை இவங்களுக்குக் குடுக்க உங்களுக்குத் தோணல."

காப்பாட்சியர் தன் வெறும் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டைரக்டரின் மூச்சு சீரானது. "சரி, சரி. குடும்ப விஷயம் மாதிரி உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம். எட்டு ஆகப் போகுது. கிண்ணத்தை எடுங்க, நிகழ்ச்சியை ஆரம்பிக்கலாம்."

வாசலில் டயர் முதலாளி எட்டிப் பார்த்தார். "கிடைச்சிருச்சா? ஐஸ் உருகிட்டிருக்கு."

காவல்காரி முன்னால் வந்தாள். அம்மாள் கையிலிருந்த மூடியை வாங்கினாள். மூடியை அழுத்தி, ஒரு கையால் பெட்டியைப் பிடித்து, மறு கையை அடியில் கொடுத்து, அலமாரியில் உள்ளே தள்ளினாள். வெளியே வந்து, கண்ணாடிப் பெட்டிமேல் கிடந்த டைரக்டரின் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தாளைக் குடு," என்றார் டைரக்டர்.

"இது எங்கிட்ட இருக்கட்டும் சார். காவலை விட்டுட்டு ஜூஸ் தூக்கினேன்னு நாளைக்கு யாராவது கேட்டா, யார் சொல்லிப் போனேன்னு சொல்ல வேண்டாமா? இதுல நீங்களே எழுதியிருக்கீங்க, உங்க கையெழுத்து நல்லாத் தெரியுது."

டைரக்டர் வாயைத் திறந்தார். காவல்காரி அதைக் கவனிக்கவில்லை. பெரிய கூடத்துக்குப் போய், சுவரில் தொங்கிய மணியை அடித்தாள். பதினோரு வருஷமாகத் தினமும் ஐந்து மணிக்கு அடிக்கிற மணி. அதே குரலில், அதே வார்த்தையில் சொன்னாள்:

"நேரமாச்சு! எல்லாரும் வெளிய வாங்க! எதையும் தொடாம வாங்க!"

என்ன வினோதமோ, ராஜாக்கள் நகர்ந்தார்கள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தோடு அருங்காட்சியகம் வந்தபோது கேட்ட குரல் போலிருக்கிறது. தட்டை வைத்துவிட்டு வரிசையில் வந்தார்கள். வாசலில் தையல்காரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கிரீடத்தைக் கழட்டுங்க ராஜா. பார்த்து, உள்பக்கம் வேர்வை. மகாராணி, பதின்மூணையும் போடுங்க. மீசை என்னோடதா உங்களோடதா? என்னோடதுன்னா அதையும் குடுங்க."

கடைசியாகக் காப்பாட்சியர் வந்தார். கண்ணாடிப் பெட்டி மேலிருந்த எட்டு மோதிரங்களையும் பொறுக்கிக் கொண்டு வந்து தையல்காரியிடம் கொடுத்தார். பிறகு, பூட்டோடு நின்ற காவல்காரியின் எதிரே தயங்கினார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

காவல்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

"கதவை விட்டு நகருங்க ஐயா. பூட்டணும்."